புக்கிட் பத்து பகாட்: சமாதியா, சன்னதியா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், செமிலிங், மெர்போக் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களிடம் மலைச்சரிவில் இருக்கும் புக்கிட் பத்து பகாட் கற்கோயிலைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். ராஜேந்திர சோழன் கட்டியது என்பார்கள். இல்லையென்றால், அது கோயிலே இல்லை, கடாரத்து (பழைய கெடா) ராஜா ஒருவரின் அஸ்தியைப் பெட்டியில் வைத்து மேலே கட்டிய சமாதி என்பார்கள். முதல் பதிலை இங்கே நீட்டப்போவதில்லை. 1025-இல் சோழர் படை கடாரத்தைத் தாக்கியது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. தாக்கியவர்கள் இங்கே தங்கிக் கோயில் கட்டினார்கள் என்று அதில் ஒரு வரி கூட இல்லை.

இரண்டாவது பதில் அப்படித் தள்ளக்கூடியதல்ல. பெட்டி உண்மையிலேயே கிடைத்தது. பெட்டியைப் பார்த்ததும் அஸ்தி என்று நினைத்தவர்கள் தோட்டத்து ஆட்கள் மட்டுமல்ல. இப்படிப்பட்ட கோயில்களைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகம் எழுதிய ஐரோப்பிய அறிஞர்களும் பல காலம் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது, எதில் போய் இடறியது, இன்று எந்த அளவுக்கு நிற்கிறது என்று பார்ப்பதே இந்த ஆய்வு.

இடமும் பெட்டியும்

குனோங் ஜெராய் 1,217 மீட்டர் உயரம். மலாக்கா நீரிணையில் வரும் கப்பல்களுக்குத் தொலைவிலேயே அடையாளம் காட்டிய மலை. அதன் தெற்குச் சரிவில், மெர்போக் கெச்சில் ஓடைக்கரையில் நிற்கிறது சண்டி புக்கிட் பத்து பகாட் (சண்டி என்றால் பழைய கோயில்). 1936–37-இல் தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸும் அவர் மனைவி டோரதியும் கெடாவில் 30 இடங்களை ஆய்ந்தபோது இதற்கு 8 என்று எண் கொடுத்தார்கள். 1959–60-இல் ஆலஸ்டர் லேம்ப் மறுபடி தோண்டி, சரிந்து கிடந்த கற்களை எடுத்து அடுக்கி நிறுத்தினார். இன்று நாம் பார்ப்பது அவர் நிறுத்தியது. கருவறையும் அதற்கு முன்னால் மண்டபமுமாக அமைந்த கட்டடம். மண்டபத்தில் தூண்களைத் தாங்கிய கல் பாதங்கள் மட்டும் மிச்சம். மேலே இருந்த மரமும் கூரையும் என்றைக்கோ மக்கிப் போய்விட்டன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பக்கத்து அருங்காட்சியக வளாகத்தில் நிற்கும் சண்டி பெண்டாங் டாலாம், சண்டி பெண்டியாட் போன்றவை வேறு இடங்களிலிருந்து கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து கட்டப்பட்டவை. புக்கிட் பத்து பகாட் மட்டும் தான் பிறந்த மண்ணிலேயே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் ஆசிரியர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை.

இனி பெட்டி. மூடி போட்ட கருங்கல் பெட்டி. திறந்தால் நடுவில் ஒரு குழி, அதைச் சுற்றி எட்டுச் சிறு குழிகள், ஆக ஒன்பது. உள்ளே மணிக்கற்கள், பொன் வெள்ளித் தகடுகள், சிறு செம்புப் பாத்திரம். இந்தக் கோயிலில் இப்படி ஒன்றல்ல, பல கிடைத்தன. அதுவும் மேலே கிடக்கவில்லை; கருவறைக் கட்டுமானத்துக்குள் வைத்து மூடப்பட்டிருந்தன. பெட்டிகள் பல என்பதையும், கட்டும்போதே உள்ளே வைக்கப்பட்டவை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

அஸ்தி என்ற எண்ணம் வந்த வழி

வந்தது ஜாவாவிலிருந்து. அங்கே இந்து, பௌத்தக் கோயில் எல்லாவற்றுக்கும் சண்டி என்றே பெயர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரம்பனான் சிவன் கோயிலில் நடுக் கருவறைக்கு அடியில் ஐஸர்மான் என்ற டச்சுக்காரர் தோண்டிப் பார்த்தார். ஆழமான குழி. குழியில் கரி, மண், எரிந்த எலும்பு. அவற்றின் மேல் ஒரு கல் பெட்டி. பெட்டிக்குள் செப்புத் தகடு, காசு, மணிக்கற்கள், ஆமை, நாகம், தாமரை வடிவில் வெட்டிய பொன் தகடுகள்.

எரிந்த எலும்பும் கரியும் பெட்டியும் சேர்ந்து கிடந்தால் யாருக்கும் சுடுகாடு நினைவுக்கு வரும். போதாததற்கு, இறந்த அரசர்களைத் தெய்வ வடிவில் சிலை செய்து கோயிலில் வைத்த வழக்கத்தைப் பழைய ஜாவானிய நூல்களே சொல்கின்றன. இரண்டையும் முடிச்சுப் போட்டு, சண்டி என்றால் அரசர் அஸ்தி மேல் கட்டிய சமாதிக் கோயில் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். அந்த முடிவு கடல் தாண்டிக் கெடாவுக்கும் வந்தது. ஜாவாவில் பெட்டி அஸ்திப் பெட்டி என்றால் மெர்போக்கில் கிடைத்ததும் அதுதானே!

இதை உடைத்தவர் ஓர் இந்தோனேசியர். ஜாவாவின் பொரோபுடூர் பௌத்தக் கோயில் சீரமைப்புக்குத் தலைமை தாங்கிய ஆர். சுக்மோனோ, 1974-இல் தந்த முனைவர் பட்ட ஆய்வில் இந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டார். பெட்டிக்குள் இருப்பவை உலோகம், மணி, விதை, குறியீட்டுத் தகடு. மனிதச் சாம்பல் இல்லை. குழியில் கிடந்த எரிந்த எலும்பு விலங்குகளுடையது. இறந்தவரை அடக்கம் செய்யும் சடங்கு இல்லை இது. கட்டடத்துக்கு உயிர் கொடுக்கும் சடங்கு என்று வாதிட்டார். ஒரு தலைமுறைக்கு மேல் பாடப்புத்தகத்தில் இருந்த கருத்து, எலும்பு யாருடையது என்று ஒருவர் சரியாகக் கேட்டதும் ஆட்டம் கண்டது.

எரிந்த எலும்பைப் பார்ப்பது எப்படி

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். எரிந்த எலும்பு என்றால் அடையாளம் தெரியாது, சாம்பல்தானே என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை அப்படியில்லை.

எலும்பு எரியும்போது நிறம் மாறும். குறைந்த சூட்டில் பழுப்பு, அப்புறம் கறுப்பு, சுமார் 600 டிகிரி செல்சியஸில் சாம்பல் நிறம், 800-ஐத் தாண்டினால் சுண்ணாம்பு வெள்ளை. சதையோடு எரிந்த எலும்பில் விரிசல் வளைந்து வளைந்து விழும். காய்ந்த பழைய எலும்பை எரித்தால் பெரும்பாலும் நீளவாக்கில் விழும். வளர்ந்த ஒருவரை முழுதாக எரித்தால் ஒன்றரையிலிருந்து மூன்று கிலோ வரை எலும்பு மிஞ்சும். அதனால்தான் ஆய்வாளர் முதலில் தராசை எடுக்கிறார். ஒரு பிடி இருந்தால் அது யாரோ எடுத்து வைத்த பங்கு, உடல் எரிந்த இடம் அதுவல்ல. பிறகு துண்டுகளைப் பிரிப்பார்: பல்லின் வேர், காதுக்குள் இருக்கும் கெட்டியான எலும்பு, விரல் நுனி. இவை சூட்டைத் தாங்கும், ஆளா விலங்கா என்று சொல்லும். அதிலும் தெரியாவிட்டால் மெல்லிய சீவல் எடுத்து உருப்பெருக்கியில் வைப்பார்கள். ஆடு, மாடு போன்ற விலங்குகளின் எலும்பில் செங்கல் சுவர் போன்ற அடுக்கு அடிக்கடி தெரியும். மனித எலும்பில் வட்ட வட்டமான அமைப்பே மிகுதி.

நம் ஊருக்கு முக்கியமானது இன்னொன்று. மழை அதிகமுள்ள வெப்ப நாட்டு மண் புளிப்பு மண். அதில் புதைத்த எலும்பு கரைந்து போகும். ஆயிரம் ஆண்டு கழித்துத் தோண்டினால் மண்ணில் நிற மாற்றம் மட்டும் தெரியலாம், அதுவும் தெரியாமலும் போகலாம். ஆனால் நன்றாக எரிந்து வெளுத்த எலும்பு அப்படிக் கரைவதில்லை. சூட்டில் அதன் படிக அமைப்பே மாறிவிடுகிறது, புளிப்பு மண்ணில் கூடத் தாக்குப்பிடிக்கிறது. எனவே புதைத்தவர் எலும்பு காணவில்லை என்றால் மண் தின்றிருக்கலாம். மூடிய கல் பெட்டிக்குள் வைத்த எரிந்த எலும்பு காணவில்லை என்றால், மண் மேல் பழி போடுவதற்கு முன் அது வைக்கப்பட்டதா என்றே கேட்க வேண்டும்.

பெட்டி என்றாலே எலும்பு இல்லை என்று மறுபக்கம் சாய்வதும் சரியல்ல. சாஞ்சியில் 1851-இல் கன்னிங்ஹாம் திறந்த கல் பெட்டிகளில் எலும்புத் துண்டுகள் இருந்தன. மூடியிலேயே புத்தரின் சீடர்களான சாரிபுத்தர், மொக்கலானர் என்று பெயர் வெட்டியிருந்தது. நம் கோயில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கில் பௌத்தமும் இருந்திருக்கிறது. பெட்டியின் வடிவம் எதையும் முடிவு செய்யாது. உள்ளே என்ன, எங்கே வைத்தார்கள், பெயர் வெட்டியிருக்கிறதா என்ற மூன்றும் சேர்ந்தே முடிவு செய்யும்.

தீட்டு என்ற வாதம்

நம் ஆட்கள் உடனே ஒன்று சொல்வார்கள்: அஸ்தியைக் கடலில் கரைப்போம், கருவறைக்கு அடியில் எவனாவது வைப்பானா, தீட்டு இல்லையா? கேட்க வலுவான வாதம்தான். ஆனால் சோழர் காலமே இதற்கு எதிர்ச்சாட்சி. பள்ளிப்படை என்று, இறந்த அரச குடும்பத்தவர் நினைவில் எடுக்கும் ஒரு வகைக் கோயில் உண்டு. தொண்டைமானாற்றூரில் முதலாம் ஆதித்தனுக்குப் பராந்தகன் எடுத்தது. மேல்பாடியில் அரிஞ்சயனுக்கு ராஜராஜன் எடுத்தது. பட்டீசுவரத்துக்குப் பக்கத்தில் பஞ்சவன் மாதேவிக்கு எடுத்தது. சிவலிங்கம் வைத்து, பூசைக்கு நிலம் விட்டு நடந்த கோயில்கள் இவை. ஆகவே சைவர்கள் இறந்தவர் நினைவில் கோயில் கட்டவே மாட்டார்கள் என்ற வாதம் செல்லாது.

ஆனால் பள்ளிப்படை என்று நமக்கு எப்படித் தெரியும்? கல்வெட்டு சொல்கிறது. யார் இறந்தார், எங்கே இறந்தார், யார் எடுத்தார் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். கல்வெட்டு இல்லாவிட்டால் மேல்பாடிக் கோயிலையும் சும்மா ஒரு சிவன் கோயில் என்றுதான் சொல்லியிருப்போம். புக்கிட் பத்து பகாட்டில் அப்படி ஓர் அரசன் பெயரைச் சொல்லும் கல்வெட்டு கிடைக்கவில்லை. அதனால் அதைப் பள்ளிப்படை என்று சொல்ல ஆதாரம் இல்லை. நமக்குப் பிடித்த வழக்கத்தை வைத்து அப்படி இருக்கவே முடியாது என்று சொல்லவும் வழியில்லை.

மாரியம்மனுக்கு அடியில் என்ன இருக்கிறது

இந்த வட்டாரத்தில் தோட்டத்துக் கோயில் திருப்பணி பார்த்தவர்களுக்குப் பெட்டியில் இருப்பவை புதிதாக இராது. கும்பாபிஷேகத்துக்கு முன் சிலையைப் பீடத்தில் நிறுத்தும் நேரம். பீடத்தில் ஒரு குழி. குருக்கள் செப்புத் தகட்டில் எழுதிய எந்திரத்தை அதில் இறக்குவார். நவரத்தினப் பொட்டலம் பிரிக்கப்படும். ஒவ்வொரு கல்லும் கடுகு அளவுதான். பொன், வெள்ளித் துண்டு போவதும் உண்டு. அப்புறம் வரிசையில் நிற்கும் பெண்கள் மூக்குத்தியையோ மோதிரத்தையோ கழற்றிப் போடுவார்கள். பால்வெட்டிப் பிழைத்தவர்கள், செம்பனைக் குலை வெட்டியவர்கள், நகைக்கடை ரசீதைக் கூடப் பத்திரமாக வைத்திருப்பவர்கள். அந்தக் குழியில் போடும்போது மட்டும் யோசிப்பதில்லை. மேலே சிலை இறங்கும், அஷ்டபந்தன மருந்தை இடித்துச் சுற்றிலும் அப்புவார்கள், முடிந்தது. இனி யாரும் பார்க்கப்போவதில்லை.

தோட்டம் விற்கப்பட்டுக் கோயில் இடம் மாறியபோது பழைய பீடத்தைப் பெயர்க்க நின்ற ஒரு பெரியவர், “தம்பி, பாத்து எடுங்க, எங்க பாட்டி போட்ட வெள்ளிக் காசு உள்ள இருக்கு” என்றார். காசு இருந்ததோ இல்லையோ, கீழே என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆயிரம் ஆண்டு கழித்து யாராவது அதைத் தோண்டி, செப்பும் வெள்ளியும் மணியும் கண்டு, ஒரு கங்காணியின் சமாதி என்று எழுதினால் எப்படி இருக்கும்!

இதைத் தொல்லியலில் வாழும் வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்பார்கள். பயனுள்ள முறை, ஆனால் வழுக்கும் முறை. நம் தோட்டக் கோயில் வழக்கம் தமிழ்நாட்டிலிருந்து ரப்பர் காலத்தில் வந்தது. புக்கிட் பத்து பகாட்டுக்கும் அதற்கும் நடுவே பல நூற்றாண்டு இடைவெளி. இது இருக்கிறது, ஆகவே அதுவும் இதுதான் என்று சொல்லிவிட முடியாது. இடைவெளியை நிரப்ப வேறு சான்று வேண்டும். அந்தச் சான்று நூலில் இருக்கிறது. மயமதம் முதலான சிற்ப நூல்களும் ஆகமங்களும் கர்ப்பநியாசம் என்ற சடங்கை விரிவாகச் சொல்கின்றன: 9 அல்லது 25 அறை கொண்ட பெட்டி, அறைகளில் உலோகமும் மணியும் தானியமும் மண்ணும், கட்டடம் எழும்போதே உள்ளே வைத்து மூட வேண்டும். நூல் சொல்வதும் தரையில் கிடைப்பதும் அச்சாகப் பொருந்துவதில்லை. நூல் செப்புப் பெட்டி என்னும், கெடாவில் கல்லில் இருக்கும். தச்சர்கள் எந்தக் காலத்தில் நூலை அப்படியே பின்பற்றினார்கள்? ஆனால் ஒன்பது குழி, நடுவில் ஒன்று சுற்றி எட்டு, மணியும் உலோகமும், கட்டுமானத்துக்குள்ளேயே வைப்பு என்று இத்தனையும் ஒரே பக்கம் சேர்கின்றன. ஒருவருடைய அஸ்திக்கு இத்தனை பெட்டி எதற்கு என்ற கேள்விக்குச் சமாதி வாதத்தில் நேரான பதில் இல்லை. கோயிலின் நடுவையும் திசைகளையும் நிலைநிறுத்தும் சடங்கு என்றால் பதில் தேடி அலைய வேண்டாம்.

உண்மையான அடக்கம் எப்படி இருக்கும்

எலும்பு பேசிய இடத்தையும் பார்க்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் பேராக், லெங்கோங் பள்ளத்தாக்கில் குவா குனோங் ருந்து குகையில் சுரைனா மஜீத் குழு கண்டெடுத்த பேராக் மனிதன் சுமார் 10,000 முதல் 11,000 ஆண்டு பழையவர். சுண்ணாம்புக் குகை, புளிப்பு மண் இல்லை. அதனால் எலும்பு முழுதாக நின்றது. நாற்பது வயதைத் தாண்டிய ஆண். கருவில் இருக்கும் குழந்தை போல முழங்காலை மடக்கிக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் கற்கருவி, விலங்கு எலும்பு, ஆயிரக்கணக்கில் ஆற்று நத்தை ஓடு. பிறவியிலேயே இடக்கை விரல் எலும்புகள் குட்டையாகும் மரபணுக் குறை அவருக்கு இருந்தது.

கையில் குறையோடு பிறந்தவர் அந்தக் காலத்தில் அந்த வயது வரை வாழ்ந்தார், செத்தபின் இவ்வளவு சிரத்தையோடு அடக்கம் செய்யப்பட்டார். இதுவரை எலும்பும் மண்ணும் சொல்கின்றன. அவர் பூசாரி, மந்திரவாதி என்றெல்லாம் பிறகு சேர்ப்பது நாம். தொல்லியலாளர் கிறிஸ்டோபர் ஹாக்ஸ் 1954-இல் இதைத்தான் ஏணி மாதிரி வைத்துச் சொன்னார்: கருவி எப்படிச் செய்தார்கள் என்பது கீழ்ப்படி, என்ன தின்றார்கள் என்பது அடுத்தது, எப்படிச் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பது அதற்கும் மேலே, என்ன நம்பினார்கள் என்பது உச்சிப் படி, ஏற ஏறப் பிடி தளரும்.

நமக்கு இன்னும் பக்கத்தில், மூடா ஆற்றுக்குத் தெற்கே, செபராங் பிறையின் குவார் கெப்பா. சிப்பி மேடு. சிப்பியின் சுண்ணாம்பு அங்கே எலும்பைக் காத்தது. 1934-இல் தோண்டியெடுத்த எலும்புக்கூடுகள் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போயின. 2017-இல் மறுபடி ஒன்று கிடைத்தது, பினாங்குப் பெண் என்று பெயர் வைத்தார்கள். யாருடைய முன்னோர் என்று தெரியாத எலும்பை யார் வைத்துக்கொள்வது என்பது பெரிய விவகாரம், அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

லெங்கோங்கையும் குவார் கெப்பாவையும் பார்த்த கண்ணோடு புக்கிட் பத்து பகாட்டுக்குத் திரும்பினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கே உடல்தான் நடுவில், மற்ற எல்லாம் அதைச் சுற்றி. இங்கே நடுவில் இருப்பது கருவறை. பெட்டிகள் அதற்கு உட்பட்டவை.

முடிவும் ஓட்டையும்

என் முடிவு: சன்னதி. பெட்டிகள் கர்ப்பநியாச வகை வைப்புகள். அரசர் ஒருவரின் நினைவுக்காகவே அந்தச் சன்னதி எழுந்திருக்கலாம் என்பதை இந்தச் சான்று மறுக்காது, நிறுவவும் செய்யாது. சமாதி என்று எழுதிய சுற்றுலாக் கையேட்டை மட்டும் நம்ப வேண்டாம்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் பல சண்டிகள் தேவை. அங்கேதான் பெரிய ஓட்டை. சுங்கை பத்து செம்பனைத் தோட்டத்தில் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது இரும்பு உருக்கிய இடங்களும் வட்ட வடிவச் செங்கல் கட்டுமானம் ஒன்றும் வெளிவந்தன. அந்த வட்டத்துக்குச் சடங்கு இடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எதற்கென்று தெரியாததைச் சடங்கு என்பது தொல்லியலாளர்களின் பழைய பழக்கம், அவர்களே கேலி செய்துகொள்வார்கள். சரி, அதையாவது இனியும் ஆராயலாம். 11-ஆம் எண் சண்டியை ஆராய முடியாது. வீடமைப்புக்கு நிலத்தைச் சமன் செய்தபோது அது இடிக்கப்பட்டது 2013-இல் வெளியே தெரிந்தது. கல்லையும் செங்கல்லையும் திரும்ப அடுக்கலாம். அடித்தளத்தில் எந்த மூலையில் எது இருந்தது, வைப்புக்குழி இருந்ததா, அதில் கரி கிடந்ததா என்பதெல்லாம் இயந்திரம் மண்ணைப் புரட்டிய அன்றே போய்விட்டது.

செம்பனை வரிசைகளுக்கு நடுவே வாய்க்கால் தோண்டும்போது இந்தப் பக்கம் இன்னமும் பழைய செங்கல் வரக்கூடும். கிடைத்தால் எடுத்து வீட்டு முற்றத்தில் வைக்காதீர்கள், கழுவாதீர்கள், உள்ளே ஏதாவது பாத்திரம் இருந்தால் திறக்காதீர்கள். கிடந்த நிலையில் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு மாவட்ட அலுவலகத்தில் சொல்லுங்கள். 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி சொல்லியாக வேண்டும். பாத்திரத்தில் கறுப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். ஆட்டு எலும்பா, ஆள் எலும்பா, வெறும் விறகுக் கரியா என்று சொல்லப்போவது அந்தக் கறுப்புதான்.